காதல் தி கோர்: எல்லாரும் மம்முட்டியப் பத்தியே கதைக்கிறாங்க, எனக்கு ஓமனாவப் பத்திக் கதைக்கணும்

வாவிக்கரை (கல்லடி)

மலையாளப் படம், ஜியோ பேபி எடுத்தது, 2023 நவம்பர்ல வந்தது, மறுகா அமேசன் பிரைம்லயும் வந்தது. பாக்காத ஆக்கள் இதோட நிப்பாட்டிட்டுப் படத்தப் பாத்துட்டு வாங்க, நான் கதை முழுக்கச் சொல்லித்தான் கதைக்கப் போறன்.

படம் வந்த நேரத்திலிருந்து பாக்கிற இடமெல்லாம் மம்முட்டிதான். 72 வயசு, அவ்வளவு பெரிய நடிகர், தன்ட சொந்தக் கம்பனிக் காசப் போட்டு ஆம்பிளைய விரும்புற ஆம்பிளையா நடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லதான். ஆனா அந்தக் கதைய நகத்துறது யாரு? ஜோதிகா நடிச்ச ஓமனா. மம்முட்டி நடிச்ச மேத்யூ தேவஸி கூட்டுறவு வங்கியில வேலை செஞ்சு ஓய்வெடுத்த மனுசன், ஊருக்குள்ள நல்ல பேரு, வார்டு இடைத்தேர்தல்ல நிக்கிறாரு, வேட்புமனு குடுத்த கையோட பெண்சாதி விவாகரத்துக்கு வழக்குப் போட்டிருக்கா எண்டு வெளிய வருது, காரணம் புருசனுக்கு தங்கன் எண்டுற இன்னொரு ஆம்பிளையோட இருக்கிற உறவு. இவ்வளவும் நடக்கக்குள்ள அவ எங்க இரிக்கா? அதே வீட்டுல. அதே மாமனாரோட, அதே மேத்யூவோட. கத்தல் இல்ல, சட்டி பானை உடைக்கல்ல, பெட்டியத் தூக்கிட்டுப் போகவும் இல்ல.

கோர்ட்டுல அவ சொல்ற இடம் எனக்கு இன்னும் மனசுல நிக்கிது. இருபது வருசக் கலியாணத்துல நாலே நாலு தரம், அதுவும் தனக்குப் பிள்ளை வேணும் எண்டு தான் கேட்டதால. ஒரு பொம்பிளை ஊருக்கு முன்னால, வக்கீல்மாருக்கு முன்னால இதச் சொல்றது எண்டா அவ எத்தினை ராத்திரி முழிச்சிக் கிடந்திருக்கணும். ஜோதிகா அதக் குரல உசத்தாமச் சொல்லுவா. என்ட எண்ணம் என்ன எண்டா, அந்த வழக்கு அவட கோபம் இல்ல, அவட அன்புதான், மேத்யூக்கு வாழ்நாள் பூராத் தன்ட வாயாலச் சொல்லேலாமப் போன ஒண்ட அவருக்காக அவ போய்க் கோர்ட்டுல சொல்லிக் குடுத்திருக்கா. நீங்க என்ன சொல்றீங்க?

படுவான்கரையான்

அக்கா படம் நானும் பாத்தன், நல்ல நடிப்பு, மறுக்கல்ல. ஆனா எனக்கு மனசு ஒப்பல்ல. இருபது வருசம் இருந்தாச்சு, மகள் படிச்சி வளந்துட்டா, மாமனார் நடக்க மாட்டாத வயசு, இனி என்னத்துக்கு விவாகரத்து? அந்த மனுசன் அடிச்சானா, குடிச்சானா, ஒண்டுமில்ல. சும்மா ஒரு வீட்டுல ரெண்டு பேரும் அவங்கட பாட்டுக்கு இருந்திட்டுப் போயிருக்கலாமே. நம்மட ஊருல எத்தினை வீட்டுல புருசனும் பெண்சாதியும் அப்பிடித்தான் இருக்காங்க, ஒரே கூரைக்குக் கீழ, சோறு போட்டுக் குடுப்பாங்க, கோயிலுக்கும் ஒண்டாப் போவாங்க, அவ்வளவுதான். அதுவும் எலக்சன் நேரத்துல இத வெளிய எடுத்தது அந்தக் குடும்பத்துக்குச் செஞ்ச அநியாயம் எண்டுதான் எனக்குப் படுது. தப்பா எடுக்காதீங்க, மனசுல பட்டதச் சொன்னன்.

வாவிக்கரை

தப்பா எடுக்கல்ல தம்பி. "சும்மா இருந்திட்டுப் போயிருக்கலாமே" எண்டு நீங்க சொல்ற அந்தச் சும்மா இருக்கிற வேலைய இருபது வருசமாச் செஞ்சது யாரு எண்டு மட்டும் யோசிச்சுப் பாருங்க. அடிக்கிற புருசன் எண்டா நாலு பேருக்கிட்டச் சொல்லி அழலாம். நல்லவரு, மரியாதையா நடத்துறாரு, ஆனா ஒரு நாளும் கிட்ட வாறல்ல எண்டா அத யாருக்கிட்டப் போய்ச் சொல்ற? தாய்க்கிட்டச் சொன்னாலும் "உனக்கு என்ன கொறை" எண்டுதான் கேப்பாங்க.

அக்கரையூரான் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நானும் வீட்டுக்காரியும் இருந்து பாத்த படம். நான் மார்க்கத்தப் பேணுற ஆள், அந்த உறவ ஏத்துக்கொள்றனா எண்டு கேட்டா இல்ல, அத ஒளிச்சுப் பேசத் தேவையில்ல. ஆனா இந்தப் படத்துல என்ட நெஞ்சப் புடிச்சது மேத்யூவுமில்ல ஓமனாவுமில்ல, மேத்யூட அந்த வாப்பா, ஆர்.எஸ். பணிக்கர் நடிச்சது. படம் பூரா அந்த மனுசன் வாய் தொறக்க மாட்டாரு, மகனுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு மௌனம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில கோர்ட்டுல வந்து எனக்கு முன்னமே தெரியும், கலியாணம் முடிச்சு வெச்சாச் சரியாப் போயிரும் எண்டு நான்தான் கட்டாயப்படுத்தினன் எண்டு சொல்லக்குள்ள பக்கத்துல இருந்த என்ட வீட்டுக்காரி "அப்ப இந்தப் புள்ளைய மருந்தாவா பாவிச்சாங்க" எண்டு கேட்டா. எனக்குப் பதில் வரல்ல.

நம்மட பக்கத்துல இது எவ்வளவு சாதாரணம் எண்டு சொல்லுங்க பாப்பம். பொடியனுக்குக் குடிப் பழக்கமா, கலியாணம் முடிச்சு வைங்க. பொடியனுக்கு மனசு சரியில்லையா, ஒருத்திய எடுத்துக் குடுங்க, சரியாகிருவான். பொண்ணு வீட்டுக்கு ஒண்டும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பொண்ணோட வாப்பா உம்மா காணிய வித்து, வெளிநாட்டுல வேலை செஞ்சு, வீட்டக் கட்டி, எல்லாத்தையும் குடுத்து அனுப்புவாங்க, தெரிஞ்சுகொண்டே மறைச்சவன் கலியாணச் சாப்பாட்டச் சாப்பிட்டுட்டுப் போவான். மார்க்கத்தப் பேசுறவங்க முதல்ல இந்த மறைப்பப் பத்திப் பேசணும். ஒரு பொண்ணுட வாழ்க்கைய இப்பிடி ஏமாத்தி எடுக்கிறதுக்கு எந்தக் கிதாபுல இடமிருக்கு?

படுவான்கரையான்

காக்கா நீங்க சொன்ன அந்த வாப்பா விசயம் சரி. அதுல எனக்கு மறுபேச்சில்ல.

பட்டிருப்புப் பாலம் (களுவாஞ்சிக்குடி, இப்ப கனடா)

இந்த இழையப் பாத்தோடன எனக்கு இன்னொரு படம் ஞாபகம் வந்தது, பிகினர்ஸ், மைக் மில்ஸ் எடுத்தது, 2010. தன்ட சொந்த அப்பாட கதைய வெச்சுத்தான் எடுத்திருக்காரு. அப்பாக்கு 75 வயசு, மனுசி செத்த மறுகா மகனுக்கிட்ட வந்து நான் ஆம்பிளைய விரும்புறவன், கலியாணம் கட்டின நாளிலயே எனக்குத் தெரியும் எண்டு சொல்றாரு. அந்தக் கலியாணம் 44 வருசம். கொஞ்சக் காலம்தான் இருக்காரு, புற்றுநோய் வந்து போயிர்றாரு, ஆனா அந்தக் கொஞ்சக் காலத்துல புது உடுப்பு, புதுக் கூட்டாளிகள், வயசு குறைஞ்ச ஒரு காதலன், வாழ்க்கைய அப்பிடியே அள்ளிக் குடிக்கிற மாதிரி இருப்பாரு.

ஒரு இடம் சொல்றன். ராத்திரியில மகனுக்கு போன் எடுக்கிறாரு, ஒரு கிளப்புக்குப் போனன், அங்க ஒரு மாதிரிப் பாட்டு அடிச்சிக்கொண்டே இருந்தது, அது என்ன பாட்டு எண்டு கேப்பாரு. மகன் ஹவுஸ் மியூசிக் எண்டு சொல்லுவான். இவரு ஒரு துண்டுல அத எழுதி எடுப்பாரு. 75 வயசுல ஸ்கூல் பிள்ளை மாதிரி எழுதி வைக்கிறாரு! கிறிஸ்டோபர் பிளம்மர் அந்த வேசத்துக்கு 2012ல ஒஸ்கார் எடுத்தாரு, அவருக்கு அப்ப 82 வயசு. நான் எந்த வயசிலயும் ஒரு மனுசன் தொடங்கலாம் எண்டுற நம்பிக்கைய அந்தப் படத்துலதான் எடுத்தன். காதல் படம் நல்லதுதான், ஆனா மேத்யூட சந்தோசத்த நமக்குக் காட்டவே மாட்டாங்க, தங்கனோட நேருக்கு நேர் இருந்து ஒரு நல்ல கதை கூட இல்ல, ரெண்டு பேரும் தூரத்துல இருந்து பாக்கிறதோட சரி. எனக்கு அது குறையாத்தான் பட்டது.

வாவிக்கரை

பிகினர்ஸ் நானும் பாத்திருக்கன், எனக்கும் விருப்பம். ஆனா அதுல ஜோர்ஜியா எண்டு ஒரு மனுசி இருந்தாவே, அந்த அம்மா. அவவுக்குக் கலியாணத்துக்கு முன்னமே தெரியும், நான் அதச் சரியாக்கிருவன் எண்டு சொல்லித்தான் கட்டினவ. மறுகா 44 வருசம். படம் தொடங்கக்குள்ளயே அவ இல்ல. மகன் சின்ன வயசு ஞாபகத்துல அவவத் தேடிக்கொண்டு போகக்குள்ள தெரியும் அவ எவ்வளவு தனிய இருந்திருக்கா எண்டு. அப்பா வாழ்க்கையத் தொடங்குறதுக்கு அம்மா சாக வேண்டியிருந்திச்சு, உண்மையச் சொல்லப் போனா அதுதான் கதை. காதல் படத்துல ஓமனா உசிரோட இருக்கக்குள்ளயே ரெண்டு பேருக்கும் வழி வெட்டுறா. அதனாலதான் நான் இத மேல வைக்கிறன். மேத்யூவும் தங்கனும் கதைக்காதது எனக்குக் குறையாப் படல்ல, அவ்வளவு காலம் ஒளிஞ்சிருந்தவங்களுக்கு ஊர் பாக்க நிண்டு கதைக்கிற பழக்கம் எங்கால வரும்?

தம்பிலுவில்காரி

எல்லாரும் கதைச்சிட்டீங்க, ஆனா நம்மட ஊருக்கு இந்தக் கதையக் கொண்டு வந்தா எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கல்ல. படத்துல அது மேத்யூட தகப்பன் வீடு. ஓமனா வந்து சேர்ந்தவ. நம்மட பக்கம் தலைகீழ். தாய்வழி, குடி (தாய்வழி வம்சம்), சீதன வீடு எல்லாம் பொம்பிளைட பக்கம். மகளுக்கு வீட்டக் குடுத்துட்டுத் தாய் தகப்பன் அதே வளவுக்குள்ள பின்னால சின்னதா ஒண்டக் கட்டிக்கொண்டு போவாங்க, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோட வருவாரு. அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி முஸ்லிம் ஆக்களுக்கும் இதே வழக்கம்தானே. அப்ப இங்க ஒரு ஓமனா வழக்குப் போட்டா அவ வீட்டுலயே இருப்பா, மேத்யூதான் வெளிய போகணும். எங்க போவாரு? தாய்ட வீடு தங்கச்சிக்குச் சீதனமாப் போயிருக்கும். தங்கச்சிட திண்ணையிலதான் படுக்கணும், மச்சான்ட முகத்தப் பாத்துக்கொண்டு. எங்கட ஊருல உண்மையச் சொல்ல ஆம்பிளைகள் பயப்படுறதுக்கு மானம் மட்டுமில்ல, இதுவும் ஒரு காரணம், வயசு போன நேரம் தலை சாய்க்க ஒரு இடம் வேணுமே.

ஆனா பொம்பிளைக்கு வீடு இருக்கு எண்டதால அவளுக்கு எல்லாம் இருக்கு எண்டு நெனைக்காதீங்க. படத்துல கடைசியில ஓமனா இன்னொருத்தரச் சந்திக்கப் போறா, மேத்யூதான் கார்ல கூட்டிக்கொண்டு போறாரு. அந்த இடத்துல நான் அழுதுட்டன். எங்கட பகுதியில 90ஆம் ஆண்டுக் கலவரத்துல புருசன்மாரப் பறி குடுத்த பொம்பிளைகள், மறுகா சுனாமி, மறுகா கடைசிச் சண்டை, எத்தினை பேர் இருவத்தஞ்சு முப்பது வயசுல தனியாகினாங்க. வீடு இருக்கு, வளவு இருக்கு, பிள்ளைகள வளத்து ஆளாக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தி ஐம்பது வயசுல எனக்கும் ஒரு துணை வேணும் எண்டு வாயத் தொறந்தா ஊர் என்ன சொல்லும்? "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல இவளுக்கு என்ன கேடு." சொந்தப் பிள்ளைகளே சொல்லுங்க. என்ட மாமி ஒருத்தி அப்பிடித்தான், ஒருத்தர் கேட்டு வந்தாரு, நல்ல மனுசன், மூத்த மகன் ஒரு வார்த்த சொன்னான், அதோட அவ அந்தக் கதையே எடுக்கல்ல, இப்ப காலையில எழும்பிக் கோழிக்குத் தீனி போட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போய், நாள் போகுது. படத்துல மகள் பெமி தாய்க்குப் பக்கத்துல நிக்கிறா. அந்த ஒரு பிள்ளை எங்கட மாமிக்குக் கிடைக்கல்ல.

கோட்டைமுனை

சட்டப் பக்கத்த நான் கொஞ்சம் சொல்றன், ஏனெண்டா தம்பிலுவில் அக்கா சொன்னதோட அது சேருது.

இந்தியாவுல 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தார்ட உறவக் குற்றமாக்கின 377ஆம் பிரிவத் தளர்த்தின மறுகாதான் இப்பிடி ஒரு கதை நடக்கலாம். மேத்யூ கோர்ட்டுல உண்மைய ஒத்துக்கொண்டா அவரு இழக்கிறது கலியாணம் மட்டும்தான், ஜெயிலுக்குப் போக மாட்டாரு. நம்மட இலங்கையில 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, இதே உறவக் குற்றமாக்கிற 365, 365ஏ பிரிவு, இண்டைக்கும் இரிக்கி. 365ஏக்கு ரெண்டு வருசம் வரைக்கும் சிறை. 1995ல திருத்தினாங்க, அதுவும் குறைக்கல்ல, அதுவரைக்கும் ஆம்பிளைகளுக்கு மட்டும் இருந்தது பொம்பிளைகளுக்கும் சேந்திச்சு. 2022ல அதக் குற்றமில்லாம ஆக்க ஒரு தனிநபர் மசோதா வந்து, 2023 மே மாசம் உயர் நீதிமன்றம் அந்த மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு சொல்லிச்சு, ஆனா பாராளுமன்றத்துல நிறைவேறல்ல. அப்ப யோசிச்சுப் பாருங்க, அக்கரையூர் காக்கா சொன்ன அந்த வாப்பா மட்டக்களப்புக் கோர்ட்டுல எழும்பி நிண்டு எனக்குத் தெரியும் எண்டு சொன்னா, அவர் மகனுக்கு நியாயம் செய்ற தகப்பன் இல்ல, மகன மாட்டிவிடுற தகப்பன்.

விவாகரத்தும் அப்பிடித்தான். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துல மூண்டு காரணம்தான்: கலியாணத்துக்குப் பிறகு வேற ஆளோட உறவு, வேணுமெண்டே விட்டுப் போறது, கலியாண நேரத்திலயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. ரெண்டு பேரும் மனமொத்துப் பிரியிறம் எண்டு சொல்லி வாங்கேலா. யாராவது ஒருத்தர் குற்றவாளியா நிக்கணும். ஓமனா கேட்டது மேத்யூவக் குற்றவாளி ஆக்கிறதுக்கு இல்லயே, அவரயும் சேத்து விடுவிக்கிறதுக்கு. அந்த விடுதலைக்கு நம்மட சட்டத்துல ஒரு பெட்டி இல்ல.

அக்கரையூரான்

கோட்டைமுனை தம்பி, எங்கட ஆக்களுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம். பொண்ணு பஸஹ் (பொண்ணு பக்கத்தால கேக்கிற விவாகரத்து) கேக்கலாம், ஆனா காரணத்த நிரூபிக்கணும், சாட்சி வேணும். இந்த மாதிரி விசயத்துக்கு யாரு சாட்சி வருவாங்க? தகப்பன் வந்தாத்தான் உண்டு. அந்தப் படத்துல கிழவன் நடுங்கி நடுங்கிச் சொல்றது எவ்வளவு பெரிய சாட்சி எண்டு இப்பத்தான் முழுசா விளங்குது.

பேர் வேணாம்

நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதிறதில்ல. அம்பாறை மாவட்டம், ஊர் சொல்ல மாட்டன். பென்சன்ல இரிக்கன்.

நான் கலியாணம் கட்டல்ல. தம்பிலுவில் தங்கச்சி சொன்ன அந்தத் திண்ணையில இருக்கிற ஆள் நான்தான், தங்கச்சிட வளவுக்குள்ள பின்பக்கம் ஒரு அறை. மச்சான் நல்ல மனுசன், முகத்தச் சுழிச்சதில்ல. எத்தினையோ இடத்துல பேசி வந்தாங்க, நல்ல புள்ளைகள், காணி வீட்டோட. ஒவ்வொண்டையும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் தட்டிவிட்டன், ஜாதகம் பொருந்தல்ல, வேலை மாற்றம் வரப் போகுது, அம்மாக்குச் சுகமில்ல. அம்மா கண் மூடும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தா. அந்தப் பொம்பிளைப் புள்ளைகள்ல ஒருத்திட வாழ்க்கைய நான் கெடுக்கல்ல எண்டுறது எனக்கு இருக்கிற பெரிய ஆறுதல். ஆனா எனக்கு ஒரு ஆள் இருந்தாரு. அவர் கட்டினாரு. வீட்டுல கட்டாயம். அவர்ர பெண்சாதிய நான் சந்தையில கண்டா இண்டைக்கும் சிரிச்சுக் கதைப்பா, "அண்ணே ஏன் வீட்டுப் பக்கம் வாறல்ல" எண்டு கேப்பா. ஓமனா கோர்ட்டுல சொன்னதக் கேக்கக்குள்ள எனக்கு அந்த முகம்தான் வந்திச்சு, மேத்யூட முகம் இல்ல.

மேத்யூ ராத்திரியில ஓமனாவப் புடிச்சிக்கொண்டு என்ட கடவுளே எண்டு அழுகிற இடம் இரிக்கே, அந்த இடத்துல நான் படத்த நிப்பாட்டிட்டு வெளிய போய் நிண்டன். அவ்வளவு காலமும் அந்த மனுசனுக்கு அழுறதுக்குப் புடிச்சிக்கொள்ள ஒரு ஆள் இருக்கல்ல, கடைசியில அவர்ர பாரத்தச் சுமந்தவளேதான் அதுக்கும் வேண்டியிருந்திச்சு. அவ தள்ளிவிடல்ல. பட்டிருப்புத் தம்பி மேத்யூட சந்தோசத்தக் காட்டல்ல எண்டு சொன்னாரு. தம்பி, எங்கட வயசுல ஒரு ஆள் உண்மை தெரிஞ்சும் நம்மளத் தள்ளிவிடல்ல எண்டா அதுதான் சந்தோசம். பாட்டும் உடுப்பும் அதுக்குப் பிறகுதான்.

வாவிக்கரை

ஐயா, நீங்க எழுதினதுக்கு நன்றி எண்டு மட்டும் சொல்லிட்டுப் போக மனமில்ல. ஒண்டு கேக்கலாமா, விருப்பமில்லாட்டி விடுங்க. உங்கட தங்கச்சிக்குத் தெரியுமா?

பேர் வேணாம்

தெரியும் எண்டுதான் நெனைக்கிறன் மகள். அம்மா செத்த மறுகா ஒரு பெரியப்பா வந்து எனக்குத் திரும்பக் கலியாணப் பேச்செடுத்தாரு, தங்கச்சி குசினிக்குள்ள இருந்து வந்து "அண்ணன விடுங்க, அவருக்கு என்ட வீடு இருக்கு" எண்டு சொல்லிட்டு உள்ள போனா. என்னோட அதப் பத்தி ஒரு சொல்லும் கதைக்கல்ல. அதுக்கு மேல நான் அவக்கிட்ட என்னத்தக் கேக்க.

தம்பிலுவில்காரி

உங்கட தங்கச்சிய எனக்குப் புடிச்சிருக்கு அண்ணே. அந்த வீடு அவட சீதனம், அவ சொன்னாச் சொன்னதுதான்.

படுவான்கரையான்

ஐயா எழுதினத நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். என்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் நிக்கிது, வாவிக்கரை அக்காக்கிட்டத்தான். வழக்குப் போடட்டும், சரி. எலக்சன் முடியும் வரைக்கும் பொறுத்திருக்கலாம்தானே? தங்கன்ட வீட்டுல வளர்ற அந்தக் குட்டாயிப் பொடியனயும் ஊர் விடாமக் கதைக்குது, அவன் என்ன பாவம் செஞ்சான்? தேர்தல் நேரம் எண்டதாலதான் அவ்வளவு பேச்சும். கடைசியில மேத்யூ வெல்லுறாரு எண்டு காட்டினது எனக்கு நம்ப ஏலாமத்தான் இருந்திச்சு, நம்மட ஊருல ஒரு பிரதேச சபை வட்டாரத்துல இப்பிடி ஒருத்தர் நிண்டா வெல்லுவாரா?

வாவிக்கரை

குட்டாயி விசயம் எனக்கும் வலிக்கும் தம்பி, அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. வெல்லுவாரா எண்டு கேட்டா, இண்டைக்கு நம்மட ஊருல வெல்ல மாட்டாரு, நானும் அதத்தான் சொல்லுவன். ஆனா பொறுத்திருக்கலாம் எண்டுறத மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எலக்சன் முடிஞ்சா மகளுட கலியாணம் வரும், அது முடிஞ்சா மாமனாருக்குச் சுகமில்லாமப் போகும், மாமனார் போனா ஆண்டுத் திவசம் முடியட்டும் எண்டு சொல்லுவாங்க. ஓமனாட வயசுப் பொம்பிளைக்கு ஊர் நாள் குறிச்சுக் குடுக்காது. மேத்யூவும் இதெல்லாம் ஒளிச்சு வெச்சு வெண்டிருந்தா, வெண்டவர் வேற ஆள், அவர் இல்ல. ஐயா சொன்ன அந்தப் பெண்சாதியையும் நெனச்சுப் பாருங்க, சந்தையில சிரிச்சுக் கதைக்கிறாவே. அவ இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இரிக்கா, என்னத்துக்குப் பொறுக்கிறா எண்டே அவக்குத் தெரியா.